ஜாவா வெப் சேர்விஸ் கிளையண்டில் கோல்பேக் வராவிட்டால் எங்கே தேடுவது? முழுமையான வழிகாட்டி

"கோல்பேக் வருதில்லை." கொழும்பில் வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு என்று எந்த நிறுவனத்தின் சேவையோடு இணைக்கும் வேலை செய்தாலும் இந்த வசனம் ஒருநாள் காதில் விழும். கோல்பேக் என்பது பதில் வந்ததும் லைப்ரரி அழைப்பதற்காக நீங்கள் எழுதிக் கொடுக்கும் மெதட். அது வரவில்லை என்று கேட்டவுடனே பலரும் செய்வது டைம்அவுட்டைக் கூட்டுவது, அழைப்புக்குப் பிறகு சில விநாடி திரெட்டை (நிரலின் இயக்க இழையை) தூங்கவிடுவது, லைப்ரரியின் புதிய பதிப்பைப் போட்டுப் பார்ப்பது. தயவுசெய்து இதில் எதையும் முதலில் செய்யாதீர்கள். கோரிக்கை வெளியே போகாமல் இருந்திருக்கலாம். போன கோரிக்கைக்குப் பதில் வராமல் இருந்திருக்கலாம். வந்த பதிலைப் படிக்கும்போது உடைந்திருக்கலாம். கோல்பேக் ஓடியும், அதற்குள் எழுந்த பிழையை யாரும் பார்க்காமல் விட்டிருக்கலாம். ஓட வேண்டிய திரெட் அதற்கு முன்பே செத்திருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மௌனம்தான். பயணம் எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் கோட்டில் கை வைத்தால், ஒரு கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துவிடும்.

வெப் சேர்விஸை அழைக்க உதவும் அக்சிஸ்2, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், ஜாவா 11 உடன் வரும் எச்டிடிபி கிளையண்ட் மூன்றையும் இங்கே சேர்த்தே பார்க்கிறேன். அக்சிஸ்2 பழையதுதானே என்று சிலர் நினைக்கலாம். அதன் கட்டமைப்பு 2004 ஓகஸ்டில் இதே கொழும்பில் நடந்த டெவலப்பர் சந்திப்பில் உருவம் பெற்றது. இங்கே எழுதப்பட்ட எத்தனையோ கிளையண்டுகள் இன்றும் அது உருவாக்கித் தரும் ஸ்டப்பில், அதாவது சேவையை அழைக்கும் கோட்டில்தான் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிக்கும் தம்பி தங்கைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில்: உங்களுடையது எந்த வகைக் கோல்பேக்?

இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாள் முழுக்கத் தவறான இடத்தில் தேடுவோம்.

முதல் வகையில், நீங்கள் திறந்த அதே இணைப்பிலேயே பதில் வருகிறது. கிளையண்ட் லைப்ரரி பின்னணித் திரெட் ஒன்றில் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து, வந்ததும் உங்கள் மெதட்டை அழைக்கிறது. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸின் அசிங்க்ஹேண்ட்லர், எச்டிடிபி கிளையண்டின் சென்ட்அசிங்க், அக்சிஸ்2 ஸ்டப்பில் "ஸ்டார்ட்" என்று தொடங்கும் மெதட்கள் எல்லாம் இயல்பில் இந்த வகை.

இரண்டாம் வகையில் சேர்வர் உங்கள் கோரிக்கையை 202 என்ற நிலைக் குறியீட்டோடு ஏற்றுக்கொண்டு இணைப்பை முடித்துவிடும். பிறகு நீங்கள் ரிப்ளைடூ தலைப்பில் கொடுத்த முகவரிக்குத் தானே புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து பதிலை அனுப்பும். டபிள்யூஎஸ்-அட்ரெஸிங் நியமத்தின் வழி இது. அக்சிஸ்2இல் யூஸ்செப்பரேட்லிசனர் என்ற தெரிவை இயக்கினால் நீங்கள் இந்த வகைக்குள் வந்துவிடுகிறீர்கள். உங்கள் கிளையண்டே ஒரு சின்ன சேர்வராக மாறி, ஒரு போர்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது.

ஸ்டப்பை உருவாக்கியவர் யார், எந்தத் தெரிவுகளை இயக்கினார் என்று பார்த்து இதை உறுதிசெய்யுங்கள். அப்புறம் தொடரலாம்.

படி 1: நான்கு இடங்களில் லொக்

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு அடையாள எண் கொடுங்கள். அழைப்பதற்குச் சற்று முன், அழைத்த மெதட் திரும்பியவுடன், கோல்பேக்கின் முதல் வரியில், கோல்பேக்கின் கடைசி வரியில் என்று நான்கு இடங்களில் அந்த எண்ணையும் நேரத்தையும் திரெட்டின் பெயரையும் எழுதுங்கள். திரெட் பெயரை விட்டுவிடாதீர்கள். பாதி விடை அதில்தான் இருக்கும்.

இரண்டாவது வரி வராவிட்டால் உங்கள் அழைப்பு அசிங்க் (பதிலுக்குக் காத்திராமல் உடனே திரும்பும் வகை) ஆகவே இல்லை, அல்லது அனுப்பும் இடத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வந்து மூன்றாவது வராவிட்டால் பிரச்சினை வலையமைப்பிலோ, திரெட்டிலோ, டைம்அவுட்டிலோ இருக்கிறது, அல்லது பதில் பிழைப் பாதையில் போய்விட்டது. மூன்றாவது வந்து நான்காவது வராவிட்டால் உங்கள் கோல்பேக்குக்குள்ளேயே ஏதோ உடைந்திருக்கிறது. கோல்பேக்கே வரவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தக் கடைசி ரகம்தான்.

நேரத்தை யூடிசியிலும் (உலகப் பொது நேரத்திலும்) எழுதிவைப்பது நல்லது. அந்தப் பக்கத்துச் சேர்வர் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ இருக்கும். அதன் லொக் பெரும்பாலும் யூடிசியில் இருக்கும். கொழும்பில் பிற்பகல் 2.10க்கு நடந்ததை அவர்கள் 8.40இல் தேட வேண்டும். இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கவனிக்காமல் "உங்கள் கோரிக்கை எங்களிடம் வரவே இல்லை" என்று பதில் வந்து, இரண்டு தரப்பும் ஒரு நாளை வீணாக்குவது சாதாரணமாக நடக்கிறது.

படி 2: விழுங்கப்பட்ட பிழைகள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

அக்சிஸ்2 ஸ்டப்போடு சேர்ந்து ஒரு கோல்பேக் ஹேண்ட்லர் வகுப்பும் தானாக உருவாகும். ஒவ்வொரு செயலுக்கும் அதில் இரண்டு மெதட் உண்டு: ரிசீவ்ரிசல்ட், ரிசீவ்எரர். இரண்டின் உடலும் வெறுமையாகவே உருவாகின்றன. நீங்கள் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டால் கம்பைலர் எதுவும் சொல்லாது. சேர்வர் ஃபால்ட் (பிழை அறிவிப்பு) அனுப்பினாலும், 30 விநாடி என்ற இயல்பான டைம்அவுட் கடந்தாலும், அந்த வெற்று மெதட்டுக்குள் பிழை போய் மறைந்துவிடும். லொக்கில் ஒரு எழுத்தும் இராது. ஆகவே அக்சிஸ்2இல் "வருதில்லை" என்றால் நான் முதலில் திறந்து பார்ப்பது ரிசீவ்எரரைத்தான். சேர்விஸ்கிளையண்டை நேரடியாகப் பயன்படுத்துவோர் அக்சிஸ்கோல்பேக்கின் நான்கு மெதட்களையும் எழுத வேண்டும்: பதிலுக்கு ஒன்மெசேஜ், சேர்வர் அனுப்பும் ஃபால்ட்டுக்கு ஒன்ஃபால்ட், டைம்அவுட் போன்ற உள்பிழைக்கு ஒன்எரர், முடிவில் ஒன்கம்ப்ளீட்.

ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் நிலைமை வேறு. அங்கே வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரே ஹேண்டில்ரெஸ்பான்ஸ் மெதட்தான். உள்ளே வரும் ரெஸ்பான்ஸில் கெட் அழைத்தால்தான் பிழை எக்ஸிகியூஷன்எக்ஸெப்ஷனாக வெளியே வரும். உண்மையான காரணம் அதன் கெட்கோஸில் இருக்கிறது: சோப் (எக்ஸ்எம்எல் செய்தி நெறிமுறை) ஃபால்ட்டா, இணைப்புப் பிழையா என்பது அங்கேதான் தெரியும். வெளி உறையை மட்டும் லொக்கில் எழுதிவிட்டுக் காரணத்தை விட்டுவிடும் கோட்டை நிறையப் பார்க்கிறோம்.

எச்டிடிபி கிளையண்டில் இரண்டு பொறிகள். ஒன்று, 404உம் 500உம் அங்கே பிழையே அல்ல. பின்னால் வரும் பதிலைத் தாங்கும் பொருளான கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சர் வெற்றிகரமாக முடிந்ததாகவே கருதப்படும்; நிலைக் குறியீட்டை நீங்களே சோதிக்க வேண்டும். சோதிக்காமல் எச்டிஎம்எல் பிழைப் பக்கத்தை எக்ஸ்எம்எல் என்று நினைத்துப் படிக்கப்போனால் பார்சர் உடையும். இங்கே இரண்டாவது பொறி வருகிறது. தென்அக்செப்டுக்குள் எழும் எக்ஸெப்ஷன், அந்த மெதட் திருப்பித் தரும் புதிய ஃபியூச்சருக்குள் அடைபட்டுக் கிடக்கும். அதை யாரும் வாங்கிவைக்காவிட்டால் பிழை ஒருபோதும் வெளியே வராது. எனவே ஒவ்வொரு சங்கிலியின் கடைசிக் கண்ணியாக ஒரு வென்கம்ப்ளீட்டைப் போடுங்கள். அங்கே கிடைப்பது சிலவேளை நேரடிப் பிழையாகவும் சிலவேளை கம்ப்ளீஷன்எக்ஸெப்ஷனால் சுற்றப்பட்டதாகவும் இருக்கும். உறை இருந்தால் கழற்றிப் பாருங்கள்.

எந்த லைப்ரரியாக இருந்தாலும் கோல்பேக்கின் உடல் முழுவதையும் ஒரு ட்ரைக்குள் வைத்து, எக்ஸெப்ஷனோடு நிறுத்தாமல் த்ரோவபிளையே பிடித்து லொக்கில் எழுதுங்கள். காரணம் உண்டு. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸும், எக்ஸ்எம்எல்லை ஜாவாப் பொருளாக மாற்றும் ஜாக்ஸ்பியும் ஜாவா 11இலிருந்து ஜேடிகேயை (ஜாவாவின் மேம்பாட்டுத் தொகுப்பை) விட்டு நீக்கப்பட்டுவிட்டன. ஜாவா 8இல் ஓடிய கிளையண்டை மேலேற்றும்போது ஒரு ஜார் விடுபட்டால் வருவது நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர். அது எரர் வகை, எக்ஸெப்ஷன் வகை இல்லை. உங்கள் கேட்ச்சில் அது சிக்காது.

படி 3: கோல்பேக் ஓடும் முன் ஜேவிஎம் முடிந்துவிட்டதா?

கட்டளை வரியில் ஓட்டும் சின்ன நிரலில் வரவில்லை, வெப் அப்பில் போட்டால் வருகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் மூல அமலாக்கத்தின் பின்னணித் திரெட்கள், எச்டிடிபி கிளையண்டின் திரெட்கள், ஃபோர்க்ஜொயினின் பொதுக் குளம் (பூல்) எல்லாம் டீமன் திரெட்கள். மெயின் முடிந்தால், நிரலை ஓட்டும் ஜேவிஎம் அவற்றுக்காகக் காத்திராது.

தூங்கவிடுவது இதற்கு மருந்தாகாது. இன்று இரண்டு விநாடியில் வரும் பதில் நாளை மூன்று விநாடி எடுக்கும். கவுண்ட்டவுன்லாச் ஒன்றை வைத்து, கோல்பேக்கின் ஃபைனலியில் அதைக் குறைத்து, மெயினில் கால எல்லையோடு காத்திருங்கள். ஃபியூச்சர் கையில் இருந்தால் கால எல்லை கொடுத்து கெட் அழைத்தாலும் போதும். ஆனால் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் அந்த ஃபியூச்சர் முடிவது உங்கள் ஹேண்ட்லரும் முடிந்த பிறகுதான் என்று நம்பியிருக்க வேண்டாம், லாச் பாதுகாப்பானது.

ஜேயூனிட் சோதனைகளிலும் இதே கதைதான். கோல்பேக்குக்குள் எழுதிய அசெர்ட் வேறொரு திரெட்டில் தோற்றால், சோதனை பச்சையாகவே முடியும். முடிவைச் சோதனைத் திரெட்டுக்குக் கொண்டுவந்து அங்கே அசெர்ட் செய்யுங்கள்.

படி 4: தொங்கி நிற்கிறதா? திரெட் டம்ப் எடுங்கள்

ஜேவிஎம் உயிரோடு இருக்கிறது, பிழையும் இல்லை, பதிலும் இல்லை. இப்போது ஜேஸ்டாக் அல்லது ஜேசிஎம்டி கொண்டு திரெட் டம்ப் (ஒவ்வொரு திரெட்டும் அந்தக் கணத்தில் நிற்கும் இடத்தின் பட்டியல்) எடுங்கள். ஒன்று போதாது. பத்து விநாடி இடைவெளியில் மூன்று எடுத்து ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே வரியில் நிற்கும் திரெட்தான் நீங்கள் தேடும் ஆள்.

படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சொக்கட்டில் பதிலுக்காகக் காத்திருக்கும் திரெட் டம்பில் "ரன்னபிள்" என்றே காட்டப்படும், ஏனென்றால் ஜேவிஎம்முக்கு வெளியே இயங்குதளத்துக்குள் நடக்கும் காத்திருப்பு அதற்குத் தெரியாது. அந்தச் சொல்லை நம்பி "வேலை செய்கிறது" என்று தாண்டிவிடாமல், ஸ்டாக்கின் மேல் வரியில் சொக்கட் வாசிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேர்வரிடமிருந்து ஒரு பைட்டும் வரவில்லை என்று பொருள். படி 6க்குப் போகலாம்.

இணைப்புக் குளத்தில் இடம் கேட்டு நிற்கும் திரெட்களைக் கண்டால் கதை வேறு. அக்சிஸ்2இன் பழைய பதிப்புகள் கொமன்ஸ் எச்டிடிபி கிளையண்ட் 3இன் மேல் ஓடின. அதில் ஒரே சேர்வருக்கு இயல்பாகக் கிடைப்பது இரண்டே இணைப்புகள். முதல் இரண்டு அழைப்பு நன்றாகப் போய் மூன்றாவது தொங்குகிறது என்று யாராவது சொன்னால், டம்ப் எடுப்பதற்கு முன்பே இதைச் சந்தேகிக்கலாம். பயன்படுத்திய இணைப்புகள் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. அதற்காக கிளீன்அப்டிரான்ஸ்போர்ட்டை அழைக்கச் சொல்வார்கள், சரி. ஆனால் அசிங்க் அழைப்பில் அதை எங்கே அழைக்கிறீர்கள் என்பது முக்கியம். அனுப்பிய அடுத்த வரியிலேயே அழைத்தால் பதில் வரும் முன் இணைப்பை மூடிவிடுவீர்கள். பதிலை முழுமையாகப் படித்து முடித்த பிறகு, வெற்றி தோல்வி இரண்டு பாதையிலும் அழைக்க வேண்டும்.

மூன்றாவது சாத்தியம், உங்கள் திரெட்களே ஒன்றையொன்று காத்துக்கொண்டு நிற்பது. கோல்பேக்குக்குள் இருந்து இன்னொரு அசிங்க் அழைப்பைச் செய்து, அதன் பதிலுக்கு அங்கேயே கெட் போட்டு நின்றால், அந்தப் பதிலைக் கொண்டுவர வேண்டிய குளத்தின் திரெட் அங்கேயே முடங்கிவிடுகிறது. ஒரே திரெட் உள்ள குளத்தில் உடனே உறையும். பத்துத் திரெட் உள்ள குளத்தில் சுமை கூடும் நாளில் உறையும், அது இன்னும் மோசம். கோல்பேக்குக்குள் காத்திருப்பு எதுவும் வேண்டாம். தென்கம்போஸ் போல அடுத்த கட்டத்தைச் சங்கிலியில் சேருங்கள்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரு நல்ல பழக்கம்: இயல்பாகக் கிடைக்கும் எக்சிகியூட்டரை (திரெட்களை நிர்வகிக்கும் பொருளை) விட்டு, அளவான எண்ணிக்கையும் எல்லையுள்ள வரிசையும் தெளிவான திரெட் பெயரும் கொண்ட உங்கள் சொந்த எக்சிகியூட்டரைக் கொடுங்கள். ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் சேர்விஸின் செட்எக்சிகியூட்டர், எச்டிடிபி கிளையண்டில் பில்டரின் எக்சிகியூட்டர், கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சரில் பெயர் அசிங்க் என்று முடியும் மெதட்களின் கடைசி அளபுரு. "காப்புறுதி-கோல்பேக்-3" என்று டம்பில் பார்த்தால் ஒரு பார்வையில் புரியும்.

படி 5: டொம்கேட்டில் மட்டும் உடைகிறதா?

கோல்பேக் ஓடுவது வேறு திரெட்டில். கோரிக்கைத் திரெட்டோடு ஒட்டியிருந்த எதுவும் அங்கே கூட வராது: லொக்கின் எம்டிசி மதிப்புகள் (லொக் வரிகளோடு சேரும் திரெட்வாரிக் குறிப்புகள்), ஸ்பிரிங் செக்யூரிட்டியின் பயனர் விவரம், நடந்துகொண்டிருந்த ட்ரான்ஸாக்‌ஷன். வேண்டிய மதிப்புகளை அழைக்கும் முன்பே மாறிகளில் எடுத்து கோல்பேக்கிடம் கொடுங்கள். சேர்வ்லெட் ரிக்குவெஸ்ட் பொருளையே கோல்பேக்குக்குள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெப் அப்பை ஓட்டும் சேர்வரான டொம்கேட் அந்தப் பொருளை அடுத்த கோரிக்கைக்கு மீண்டும் பயன்படுத்தும், அப்போது ஒருவரின் தரவு இன்னொருவருக்குப் போகும் அபாயம் உண்டு. பதில் வரும்வரை உலாவியைக் காக்கவைக்க வேண்டுமானால் ஸ்டார்ட்அசிங்க் இருக்கிறது. டொம்கேட்டில் அதன் இயல்பான எல்லை 30 விநாடி.

வகுப்பு கிடைக்கவில்லை என்ற பிழை ஜாவா 8இல் இல்லாமல் 11இல் மட்டும் வந்தால் வகுப்புகளைத் தேடி ஏற்றும் கிளாஸ்லோடரைப் பாருங்கள். ஜாவா 9இலிருந்து ஃபோர்க்ஜொயின் பொதுக் குளத்தின் திரெட்கள் சிஸ்டம் கிளாஸ்லோடரையே சூழலாகக் கொண்டிருக்கின்றன. உங்கள் வெப் அப்பின் லிப் கோப்புறையில் உள்ள ஜாக்ஸ்பி அதற்குத் தெரியாது. சொந்த எக்சிகியூட்டர் கொடுத்தால் இதுவும் தீர்ந்துவிடும்.

படி 6: வலையமைப்பும் ரிப்ளைடூ முகவரியும்

முதல் வகைக் கோல்பேக்கில் பார்க்க வேண்டியது டைம்அவுட். எச்டிடிபி கிளையண்டில் நீங்கள் வைக்காவிட்டால் டைம்அவுட்டே கிடையாது, என்றென்றைக்கும் காத்திருக்கும். கோரிக்கைக்கு டைம்அவுட் வைத்தாலும் ஜாவா 11, 17, 21 பதிப்புகளில் அது பதிலின் தலைப்புகள் வந்துசேரும் வரைக்கும்தான். உடல் சொட்டுச் சொட்டாக வந்தால் அது காப்பாற்றாது. கூடவே ஃபியூச்சரில் ஓர்டைம்அவுட்டும் போடுங்கள். சிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு லைப்ரரியைப் பயன்படுத்துவோருக்கு இணைப்புக்கு 30 விநாடி, பதிலுக்கு 60 விநாடி என்பது இயல்பு. மாத முடிவு அறிக்கை போன்ற கனமான சேவைக்கு அது போதாமல் போகலாம்.

சேர்வர் பதில் தர ஐந்தாறு நிமிடம் எடுக்கும் என்றால் நடுவில் இருப்பவற்றை மறந்துவிடாதீர்கள். ஒரு பைட்டும் போகாமல் கிடக்கும் இணைப்பை ஃபயர்வோலும், முகவரி மாற்றும் 'நாட்' கருவியும் சொல்லாமல் கொள்ளாமல் மறந்துவிடும். அமேசானின் நாட் கேட்வேக்கு அந்த எல்லை 350 விநாடி, அதன் அப்ளிகேஷன் லோட் பலன்சருக்கு இயல்பாக 60 விநாடி. எப்போதும் ஒரே கால அளவில் அறுந்தால் அது உங்கள் கோட்டில் இல்லை, நடுவில் இருக்கும் ஒரு பெட்டியில் இருக்கிறது.

இரண்டாம் வகையில் முதல் கேள்வி, வெளியே போன சோப் செய்தியின் ரிப்ளைடூவில் என்ன முகவரி இருக்கிறது என்பது. அந்தச் செய்தியை அப்படியே லொக்கில் எழுதிக் கண்ணால் பாருங்கள். 127 என்றோ 192.168 என்றோ தொடங்கினால், வெளியே இருக்கும் சேர்வருக்கு அது பயனற்ற முகவரி. வெள்ளவத்தை வீட்டு ரவுட்டருக்குப் பின்னாலோ டொங்கிளிலோ இருக்கும் லாப்டொப்பை அந்தச் சேர்வரால் பெரும்பாலும் அடையவே முடியாது. அலுவலக விபிஎன்னில் இருக்கும்போது வேலை செய்து, வீட்டிலிருந்து செய்யாமல் போவதற்கும் இதுவே காரணம். அக்சிஸ்2இல் லிசனரின் போர்ட் இயல்பாக 6060. சொந்த உள்ளமைப்பு பைல் வைத்திருந்தால் அதில் எழுதியிருப்பதுதான் செல்லும். அதே பைலில் ஹோஸ்ட்நேம் அளபுருவைக் கொடுத்து வெளியே தெரியும் பெயரை வைக்கலாம். ஒரே கணினியில் இரண்டு கிளையண்ட் ஓடினால் போர்ட் மோதும். அட்ரெஸிங் மொட்யூல் கிளாஸ்பாத்தில் இருந்து இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் இந்த வழியே இல்லை.

முகவரி சரி என்றால், அந்தப் பக்கத்தாரிடம் அவர்களுடைய சேர்வரில் இருந்தே அதற்கு ஒரு இணைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் டிசிபிடம்ப் என்ற வலையமைப்புக் கண்காணிப்புக் கருவியை ஓடவிட்டு, பொட்டலம் வந்து சேர்கிறதா என்று பார்க்கலாம். வந்து சேர்ந்தும் கோல்பேக் ஓடவில்லையா? பதிலின் ரிலேட்ஸ்டூ மதிப்பு நீங்கள் அனுப்பிய மெசேஜ்ஐடியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் எந்தக் கோல்பேக்குக்கு உரியது என்று லைப்ரரிக்குத் தெரியாது. கிளையண்ட் இடையில் ரீஸ்டார்ட் ஆகியிருந்தாலும் இதே நிலைதான், ஏனென்றால் எதிர்பார்ப்பவற்றின் பட்டியல் நினைவகத்தில் மட்டும் இருந்தது.

அவர்களுக்கு எழுதும்போது மெசேஜ்ஐடி, யூடிசி நேரம், வெளியே தெரியும் உங்கள் ஐபி, ரிப்ளைடூ முகவரி நான்கையும் முதல் மடலிலேயே கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு "மேலதிக விபரம் தேவை" என்று ஒரு நாள் போகாது.

படி 7: பிந்தி வருவதும் இரண்டு முறை வருவதும்

டைம்அவுட் ஆனதாலோ ஃபியூச்சரை ரத்து செய்ததாலோ சேர்வரில் வேலை நின்றுவிடாது. ஓர்டைம்அவுட் ஃபியூச்சரை மட்டுமே முடிக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட சேவையில் டைம்அவுட் வந்ததும் மறுபடி அனுப்பினால், வாடிக்கையாளரின் கணக்கில் இரண்டு தடவை கழியலாம். பாதிக்கப்படுவது மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் ஒருவர். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மாறாத ஒரு எண் கொடுத்து, மீள அனுப்பும்போதும் அதே எண்ணையே அனுப்புங்கள். சேவை அதை ஆதரிக்கவில்லை என்றால் முதலில் நிலையைக் கேட்டறிந்து, பிறகு மட்டும் மீள அனுப்புங்கள். கோல்பேக்கும் அந்த எண் ஏற்கெனவே முடிந்ததா என்று தரவுத்தளத்தில் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

படி 8: திருத்தியதைச் சோதிப்பது

உண்மைச் சேர்வரிடம் இந்தத் தோல்விகளை வேண்டும்போது உண்டாக்க முடியாது. ஜாவா 6 முதல் ஜேடிகேயோடு வரும் சிறிய எச்டிடிபி சேர்வரைக் கொண்டு ஒரு போலிச் சேவையை எழுதலாம், சில டசன் வரிதான். அது கேட்டபடி 500 தரட்டும், சோப் ஃபால்ட் தரட்டும், எக்ஸ்எம்எல்லைப் பாதியில் நிறுத்தட்டும், தலைப்பை அனுப்பிவிட்டு உடலைத் தாமதிக்கட்டும், பதிலே தராமல் இணைப்பைப் பிடித்துவைத்திருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் கிளையண்ட் எத்தனை விநாடிக்குள் எந்த வரியை லொக்கில் எழுத வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அதையே சோதனையாக எழுதுங்கள். ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஐம்பது தடவை ஓட்டி, முடிவில் ஒரு திரெட் டம்ப் எடுங்கள். உங்கள் பெயரிட்ட குளத்தில் தொடக்கத்தில் இருந்த திரெட்கள் மட்டும், புதிய வேலைக்குக் காத்திருக்கும் நிலையில் இருக்க வேண்டும். இணைப்புக் குளத்தில் இடம் கேட்டு ஒன்றாவது நின்றால், எந்தப் பிழைப் பாதையிலோ இணைப்பு இன்னும் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. படி 4க்குத் திரும்புங்கள்.